பிஸ்வாஸ் தாதாவின் இங்கிலீஷும் என் பிரெஞ்சும்

ஒருவர் வாய்க்கு வந்ததைப் பேச, இன்னொருவர் அதை நம்பிக் கேட்க, நடுவில் நிற்கிற ஆள் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற தொழிலுக்குத்தான் மொழிபெயர்ப்பு என்று பெயர். கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ ஆபீஸ் கவுண்டரிலோ அடுத்தவர் பேச்சைச் சுமந்து பிழைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் விடுங்கள். வயிறெரிந்து எழுதுகிறேன்.

நான் காரைக்கால்காரி. பிரெஞ்சில் எம்.ஏ. கல்யாணமானதும் பொதுப்பணித்துறையில் வேலை பார்க்கும் கணவரோடு போர்ட் பிளேருக்கு வந்தேன். பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். பாத்திரம் கழுவிக்கொண்டே, அதில் பிரெஞ்சு பேசுகிற ஒரு ஆளாவது இருப்பானா என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் வளர்ந்து மெயின்லேண்டுக்குப் படிக்கப் போன பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. குட்வில் எஸ்டேட்டில் ஒரு சின்ன சுற்றுலா கம்பெனி. படகு, டைவிங், தங்கும் அறைகள். பிரான்சில் ஒரு ஏஜென்சி அவர்களுக்கு ஆள் அனுப்புகிறது. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இங்கிலீஷ் அரைகுறை. கம்பெனி இங்கிலீஷில் எழுதுவதையும் சொல்வதையும் நான் பிரெஞ்சாக்க வேண்டும்.

முதலாளி பெயர் பிஸ்வாஸ். வங்காளி. எல்லோரும் தாதா என்போம். அவர்களுக்குத் தாதா என்றால் அண்ணன், நம்மூர் தாதா இல்லை. கோபமே வராத மனிதர். அதுதான் பிரச்சினையே. தாதாவின் இங்கிலீஷ் முழுக்க முழுக்க விருந்தாளிகளிடம் கற்றது. லுக் இன்டு, சார்ட் அவுட், ஃபிகர் அவுட், வொர்க் அவுட். ஒரு சின்ன வினைச்சொல், அதன் பின்னால் ஒரு வால். கேட்க இதமாக இருக்கும். கேட்டு முடித்ததும் என்ன சொன்னார் என்று யோசித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

இந்த சீசன் தொடங்கும்போதே, என்னைப் பற்றி விருந்தாளிகள் புகார் சொன்னால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று தாதா சொல்லிவிட்டார். உண்மையில் அப்படியா சொன்னார்? "லெட்ஸ் சீ ஹவ் இட் பேன்ஸ் அவுட்" என்றார். போகப் போகப் பார்ப்போம் என்று. மிச்சத்தை நான்தான் மொழிபெயர்த்துக்கொண்டேன். கவுண்டரில் இருக்கும் ஷப்னம் தலையை ஆட்டி அதை உறுதி செய்தாள். இந்தத் தீவுகளில் பிரெஞ்சுக்கு எனக்குத் தெரிந்து இருப்பது இந்த ஒரு நாற்காலிதான். இது போனால் என் பிரெஞ்சு மறுபடி பெட்டிக்குள் போக வேண்டியதுதான். இந்த வயதில் இன்னொரு தடவை அதை மூடி வைக்க எனக்கு மனசில்லை. பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். பயந்தால் மட்டும் வாய் சும்மா இருக்குமா என்ன?

யார் வந்து பார்ப்பார்?

ஒரு தம்பதி. அறையில் ஏ.சி. ஓடவில்லை என்று கைபேசியில் எழுதியிருந்தார்கள். தாதா பதில் சொன்னார்: "வீ வில் லுக் இன்டு இட் அண்ட் கெட் பேக் டு யூ." பார்க்கிறோம், சொல்கிறோம். இதைப் பிரெஞ்சில் எழுத முடியாதா என்றால் முடியும். பார்க்கலாம் என்பதற்கு அவர்களிடமும் இரண்டு வார்த்தை இருக்கிறது. ஆனால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு அந்த இரண்டு வார்த்தையை எழுதினால், போய்யா உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று சொன்னதுபோலத்தான் இருக்கும். மரியாதையாக எழுத வேண்டுமென்றால், யார் வருவார், எப்போது வருவார் என்று சொல்ல வேண்டும். தாதாவிடம் கேட்டேன், யார் பார்ப்பார்? "ஹம் லோக் தேக் லேங்கே தீதி" என்றார். நாங்கள் பார்த்துக்கொள்வோம் அக்கா என்று. நாங்கள் என்றால் கம்பெனி. கம்பெனி என்றால் தாதா. நான் எழுதினேன்: நாளைக் காலையில் திரு. பிஸ்வாஸ் நேரில் வந்து பார்ப்பார்.

மறுநாள் காலை அந்த அம்மாள் குளித்து, உடுத்தி, அறையைக் கூட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். யாரும் வரவில்லை. மதியம் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து ஆபீசுக்கே வந்து, "மெஸ்யூ பிஸ்வாஸ் உடம்பு சரியில்லாமல் இருக்கிறாரா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்கள். மெஸ்யூ பிஸ்வாஸ் அவர்கள் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்து போய், ரிமோட்டில் பேட்டரி மாற்றிவிட்டு வந்தார். அதற்கு மேல் அந்த ஏ.சி.க்கு ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு நன்றி சொல்வார் என்று பார்த்தால், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தீதி, நான் 'வீ'ன்னுதானே சொன்னேன். மேரா நாம் க்யூன் லிக்கா, என் பேரை ஏன் எழுதினீங்க?"

கடலுக்கடியில் கூப்பிடுவது எப்படி

எங்கள் டைவிங் மாஸ்டர் ரோஹன், பெங்களூர்ப் பையன். நல்ல நீச்சல்காரன், நல்ல சுபாவம். அவனுடைய இங்கிலீஷைக் கேட்டால் மட்டும் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். சிடியாதாப்பு கடலில் படகு நிற்கிறது. முதல்முதலாகக் கடலுக்குள் இறங்கப் போகிற ஆறு பிரெஞ்சுக்காரர்கள் இடுப்பில் எடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் ஆரம்பிக்கிறான்: "கய்ஸ், ஜஸ்ட் சில் அவுட். சோக் இட் ஆல் இன். ஏதாவது ஃபீல்ஸ் ஆஃப்னா, ஜஸ்ட் கிவ் மீ எ ஷவுட்." என்னமோ மாதிரி இருந்தால் என்னைக் கூப்பிடு. எங்கே? தண்ணீருக்கு அடியில். வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு.

இதை எப்படி மொழிபெயர்ப்பது, சொல்லுங்கள். என்னமோ மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவர்கள் கேட்பார்கள். நான் அவனிடம் திரும்பி, "என்ன ஆனால் ஆபத்து? என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லு" என்றேன். "அதெல்லாம் ஃபார்ம்ல இருக்கு ஆன்ட்டி, இட்ஸ் ஜஸ்ட் அன் எக்ஸ்பிரஷன்" என்றான். அந்த ஃபார்ம் இங்கிலீஷில் இருக்கிறது. எல்லோரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் சீசனுக்கு முன்பே அதை உட்கார்ந்து படித்தவள். பிரெஞ்சில் நேராகச் சொன்னேன். மூச்சை அடக்காதீர்கள், அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள், காது போய்விடும். பயமாக இருந்தால் கையை இப்படி ஆட்டுங்கள், அவன் மேலே கூட்டி வருவான். பயப்படுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து இடுப்பு எடையைக் கழற்றி வைத்தார். அவரைப் பார்த்து அவர் மனைவியும் கழற்றினாள். மற்ற நாலு பேரும் கையை ஆட்டிப் பழகிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள், சந்தோஷமாக ஏறி வந்தார்கள். மூக்கடைத்த மனிதரின் காது தப்பியது என்று எனக்கு நிம்மதி. ரோஹன் மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் என் பக்கமே பார்க்கவில்லை. கரையில் இறங்கும்போது சொன்னான்: "ஆன்ட்டி, யூ டோட்டலி கில்ட் த வைப். எல்லார் குஷியும் போச்சு."

மோட்டார் செய்த சேட்டை

எங்கள் படகோட்டி முருகேசன் கச்சால் தீவில் பிறந்தவன். அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. ஒரு நாள் அவன் ஓட்டிய படகு நடுக்கடலில் நின்றுவிட்டது. ரோஹன் வழக்கம்போல, "எஞ்சின் ஈஸ் ஆக்டிங் அப், வீ வில் பி அப் அண்ட் ரன்னிங் இன் நோ டைம்" என்று சிரித்தான். நான் முருகேசனிடம் தமிழில், "என்னடா ஆச்சு, உண்மையைச் சொல்லு, இவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்றேன். அவன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "டேங்க் காலி அக்கா. டீசல் ஊத்த மறந்துட்டேன். வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல், காலையில இருந்து தலையே வேலை செய்யல. தாதா காதுக்குப் போனா என் நௌக்ரி போயிரும் அக்கா, சொல்லிறாதீங்க."

இப்போது நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்வேன்? இதுவரை நேராகப் பேசு நேராகப் பேசு என்று எல்லோர் உயிரையும் வாங்கிய நான், எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, பிரெஞ்சில் சொன்னேன்: மோட்டார் தன் சேட்டையைக் காட்டுகிறது. ரோஹனின் "ஆக்டிங் அப்" இருக்கிறதே, அதற்கு அச்சு அசலாக அவர்கள் வீட்டில் புழங்குகிற சொல் அது. நான் செய்த மொழிபெயர்ப்பிலேயே இவ்வளவு பொருத்தமாக அமைந்தது அது ஒன்றுதான், அதுவும் பொய் சொல்லப் போய் அமைந்தது. வேறு படகு வந்து கேனில் டீசல் கொடுக்கும் வரை எல்லோரும் பொறுமையாக பிஸ்கட் சாப்பிட்டார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஊரில் ஆயுசு பூராவும் மீன்பிடிப் படகு வைத்திருந்தவராம். காதோடு காதாகச் சொன்னார்: "மதாம், உங்கள் மோட்டாரின் சேட்டைக்கு மருந்து அந்த கேனிலிருந்துதானே ஊற்றப்படுகிறது?"

கப்பல் உண்டா, இல்லையா

இந்தத் தீவுகளில் இருப்பவர்கள் யாரும் 'கப்பல் இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். இங்கே வந்த புதிதில் எனக்கு இது புரியவே இல்லை. காற்று அடிக்கும், வானம் இருண்டு கிடக்கும், ஹாவ்லாக் தீவுக்குப் போக வேண்டிய கப்பல் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும். கவுண்டரில் கேட்டால் "தேக்தே ஹைன்." பார்ப்போம். பக்கத்தில் நிற்கும் தெலுங்குக்காரரைக் கேட்டாலும் அதே பதில். நம்ம ஊர்க்காரர் "பாத்துட்டு சொல்லுவாங்க" என்பார். இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால் சொன்னவன் தலையில் பழி வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். இல்லை என்பதை நாம் அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெட்டியில் சமோசா விற்கிறவர் கடையை எடுத்து வைத்தால் கப்பல் இல்லை. ஷப்னம் மதிய சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் கப்பல் இல்லை.

அன்றைக்கு ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தாதா சொல்லச் சொன்னது: "டெல் தெம் டு ஹேங் டைட், வீ வில் ப்ளே இட் பை இயர்." கொஞ்சம் பொறுங்கள், நிலைமைக்குத் தகுந்தபடி செய்வோம். பிள்ளைகள் தரையில் படுத்து அழுகிறார்கள். சமோசாக்காரர் கடையை எடுத்துவிட்டார் என்று முருகேசன் வந்து சொல்கிறான். ஷப்னம் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை இந்த நாலு பேரிடம் மட்டும் மறைக்கிறோமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "இன்றைக்குக் கப்பல் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போய்ச் சாப்பிட வையுங்கள், தூங்க வையுங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நானும் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

மதியத்துக்கு மேல் காற்று நின்று, வெயில் அடித்து, கப்பல் கிளம்பிப் போய்விட்டது. தாதா அவர்கள் அறைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அவர்கள் கப்பல் இல்லை என்று நம்பி, கைபேசியை அறையிலேயே போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போயிருந்தார்கள். மறுநாள் எல்லா டிக்கெட்டும் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள் அவர்கள் மெயின்லேண்டுக்கு விமானம் ஏற வேண்டும். ஆக, ஹாவ்லாக்கைப் பார்க்காமலேயே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தப்பு என் மேல்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து அத்தனை பேர் அத்தனை மொழியில் பேசினார்களே, அதில் ஒருவர் வாயிலாவது தப்பென்று பிடிக்க ஒரு வார்த்தை கிடைக்குமா? நேராகப் பேசியவள் நான் ஒருத்தி, மாட்டியதும் நான் ஒருத்தி. அந்தத் தகப்பன் சத்தம் போடவில்லை. சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "மதாம், உங்களுக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே?"

கைபேசியின் அருமையான பிரெஞ்சு

அந்தக் குடும்பம் பிரான்சுக்குப் போய்க் கொடுத்த புகார், ஏஜென்சி வழியாகத் திரும்பி வந்தது. அதிலிருந்து தாதா கடிதங்களை என்னிடம் கொடுக்காமல் கைபேசியில் போட்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தார். நான் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரு பொத்தானை அமுக்குவார், அது கக்கிவிடும். அதில் கன்னாபின்னாவென்று தப்பு வரும், எல்லோரும் சிரிப்பார்கள், என் அருமை தெரியும் என்று நான் காத்திருந்தேன். எங்கே வந்தது? ஷப்னம் எனக்குத் திருட்டுத்தனமாகக் காட்டினாள். இலக்கணம் சுத்தம். மரியாதை அதைவிடச் சுத்தம். தங்கள் கோரிக்கை எங்கள் முழுக் கவனத்துக்கும் உரியது, தகுந்த தீர்வை நோக்கி முயல்கிறோம், தங்கள் புரிதலுக்கு நன்றி. தாதா இங்கிலீஷில் ஒன்றும் சொல்லவில்லை, அதைக் கைபேசி பிரெஞ்சிலும் ஒன்றும் சொல்லாமல் சொல்லிவிட்டது. இவ்வளவு வருஷம் படித்து எனக்கு வராத வித்தை.

அந்தக் கைபேசிக் கடிதங்களைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்றைக்கு வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்றே தெரியவில்லை. என் கணவரிடம் புலம்பினால், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு "பாத்துக்கலாம் விடு" என்றார். பிறந்ததிலிருந்து நான் இந்த மாதிரி ஆட்களோடுதான் வாழ்கிறேன். ஒரு வாரம் கழித்து, தனியாக வந்திருந்த ஒரு பிரெஞ்சு டீச்சரம்மா ஆபீசுக்கு வந்தாள். அவள் பெட்டி கொல்கத்தாவிலேயே நின்றுவிட்டது, கம்பெனி தேடித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. கைபேசி எழுதிய பதில்களை வரிசையாக என்னிடம் காட்டினாள். கோபமே இல்லை. மாணவனின் கட்டுரையைப் படிக்கிற மாதிரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "இவ்வளவு அழகான கடிதங்கள் எனக்கு யாருமே எழுதியதில்லை மதாம். என் பெட்டி வருமா?"

தாதா என்னை வேலையை விட்டு நீக்கிய விதம்

போன திங்கட்கிழமை தாதா என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஷப்னத்தை வெளியே போகச் சொன்னார். வழக்கமாக என்னிடம் ஹிந்தி பேசுகிறவர், அன்றைக்கு இங்கிலீஷில் ஆரம்பித்தார். அப்போதே புரிந்துவிட்டது. "விஜயா தீதி, வீ ஹாவ் தாட் இட் ஓவர். திங்க்ஸ் ஹாவண்ட் ரியலி வொர்க்ட் அவுட். ஸோ கோயிங் ஃபார்வர்ட், வீ ஆர் ஸ்கேலிங் பேக்... யூ நோ... மே பி வீ ஹாவ் டு லெட் யூ கோ." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வால். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் பாதி, கோபம் பாதி. வேலையை விட்டு அனுப்புவதைக்கூட நேராகச் சொல்லத் தகுதியில்லாதவளா நான்?

"தாதா, இது எனக்குப் புரியவில்லை, ஹிந்தியில் சொல்லுங்கள்" என்றேன். புரியாமலா? ஆனால் ஹிந்தியில் சொல்லட்டுமே. அவர் வாயைத் திறந்தார். மூடினார். "அரே தீதி, மத்லப்... அப்படி ஒன்றும் இல்லை..." என்று ஜன்னலைப் பார்த்தார். நான் விடவில்லை. "நாளையிலிருந்து வராதே என்கிறீர்களா? ஒரு வரிதான். 'கல் ஸே மத் ஆவோ.' நானே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன், நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும். வங்காள மொழியில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னால் இப்போதே பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்." நிஜமாகவே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் அவ்வளவு பயம். அவர் சொன்னால் நான் போக வேண்டும், போனால் எல்லாம் முடிந்தது.

தாதாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பேனாவை எடுத்தார், வைத்தார். சுவரிலிருந்த காளி படத்தைப் பார்த்தார். ஒரு நல்ல மனிதன் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்ல முடியாமல் தவிப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் நான் உதவி செய்யவில்லை. என் தொழிலில் முதல்முறையாக, ஒருவர் சொல்ல நினைத்ததை நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஷப்னம், தீதி கே லியே சாய் லாவோ. சீனி கம்மியா!"

டீயைக் குடித்துவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், மறுநாளும் போனேன், இன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்து எழுதுகிறேன். எனக்கு வேலை போய் ஒரு வாரமாகிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதை என்னிடம் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், கம்பெனியில் இருப்பதோ நான் ஒருத்திதான்.